ஆப்பு

நாற்பத்தெட்டு அறை, அறைக்கு ஒரு ஏடு.
ஏற்காட்டில் விடுதி கட்டியவர்
கயிற்றை அவிழ்த்து என் மேசையில் கொட்டினார்.
ஓலை நீளம், அவர் கேட்ட சட்டம் குட்டை.
இடது ஓரத்தை நான்தான் வெட்டினேன்,
இரண்டு விரற்கடை,
செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய கத்தியால்.
நல்ல கத்தி. இன்னும் இருக்கிறது.

பதினாறு வருசம்.
விடுதி கடனில் போனது. ஏலத்தில்
கட்டில் ஒரு பக்கம், கெய்சர் ஒரு பக்கம்,
ஏடுகள் எட்டுப் பக்கம்.

மெர்லின் சகாயம் மலை இறங்கி வந்த அன்று
சேலத்தில் வெயில் நூற்றிரண்டு.
இருபது கொண்டை ஊசி வளைவும் முகத்தில் இருந்தன.
துணிப்பையில் முப்பத்தொன்பது ஏடு.
ஒன்று ஃபேர்லேண்ட்ஸ் பல் டாக்டர் சுவரில் கிடைத்ததாம்.
ஒன்று செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்:
ஏதோ மந்திரம் என்று தினமும் ஊதுபத்தி.
அது மாட்டு வாகடம், என்றாள்.
ஊதுபத்தி வாங்கிய ஏட்டில் கழிச்சலுக்கு மருந்து.

"எண் இடது ஓரத்தில் இருக்கும்.
யாரோ வெட்டியிருக்கிறார்கள்."
யாரோ.
நான் டீ சொல்லப் போனேன்.

எண் இல்லாமலே அடுக்கினாள்.
ஒரு பூச்சி, எந்தக் காலத்துப் பசியோ,
மேலேட்டில் நுழைந்து
சற்றுச் சாய்வாக உள்ளே தின்றுகொண்டே போயிருக்கிறது.
துளையோடு துளை பொருந்தினால் அடுத்த ஏடு.
கிடார் கம்பி ஒன்றை விட்டுப் பார்த்தாள்.
'ஈன்ற பசு தீனி எடாதாகில்'
என்று ஒரு ஏடு தீர்ந்தது.
கம்பி தொட்ட ஏடு
'வேலிப்பருத்தி' என்று தொடங்கியது.
அதுவரை அந்தப் பசு
என் கடை வாசலில் பட்டினியாக நின்றிருக்கிறது.

ஆனால் பூச்சிக்கும் வயிறு ஒரு அளவுதான்.
கடைசிப் பதினோரு ஏட்டில் துளையில்லை.
டீ ஆறியபின் சொன்னேன்:
வெட்டிய துண்டைக் குப்பையில் போடவில்லை.
கண்ணாடிக்குள் படம் ஆடினால்
பின்னால் ஆப்பு வைப்போம்.
தீப்பெட்டி அட்டை, சிகரெட் அட்டை, எது கைக்கு வருகிறதோ.
அந்த வருசம் ஓலை.

திட்டுவாள் என்று நினைத்தேன்.
"எந்தக் கையால் வெட்டுவீர்கள்?"
இடது.
"வெட்டு சாய்வது அதனால்தான்"
என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

பழைய ரசீதுப் புத்தகம், என் டிவிஎஸ், அவள் பின்னால்.
கிச்சிப்பாளையத்தில் ஒரு கல்யாணப் படம்.
அவர்கள் பிரிந்து ஏழு வருசம், படம் பரணில்.
ஆணியைப் பிடுங்கினேன்: ௩௰௯.
குகையில் அம்மன் படத்தைத் திறக்குமுன்
கற்பூரம் ஏற்றச் சொன்னார்கள்: ௪௰௨.
அஸ்தம்பட்டித் தாசில்தார் பட்டம் வாங்கும் படத்தில்
இரண்டு துண்டு. அன்று தாராளமாக இருந்திருக்கிறேன்.
துண்டை அவள் ஏட்டோடு வைத்துப் பார்ப்பாள்.
பாதி வெட்டுப்பட்ட ககரம்
தன் மறுபாதியைக் கண்டுகொள்ளும்.

அம்மாப்பேட்டையில் ருக்மணிபாய்
நெற்றிப்பொட்டு வைத்த படத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள்.
மகன். மேட்டூர் வாய்க்காலில் போனவன்.
தறிச் சத்தம் பக்கத்து வீட்டில் நிற்கவேயில்லை.
"திறக்காதீங்க. அவன் நகர்ந்துடுவான்."

சட்டத்தின் மூலையை மட்டும் விரலால் அழுத்தினேன்.
ஆடவில்லை. உள்ளே இருக்கிறது.
ஓலைக்கு ஒரு அழுத்தம் உண்டு, அட்டைக்கு வேறு.

திரும்பும்போது மெர்லின் ஒன்றும் பேசவில்லை.
கடையில் வந்து எழுதினாள்:
௪௰௪. ஓரம், அம்மாப்பேட்டையில்.
பயன்பாட்டில் உள்ளது.

இன்னும் ஒன்பது ஏடே கிடைக்கவில்லை.
சனிக்கிழமை மறுபடி வருகிறாள்.
ரசீதில் பாதிப் பெயர் எனக்கே படிக்க முடியவில்லை.